நாவின் அறமும் நாடாள்வோர் சொல்லும்

தமிழ்ப் பாடசாலையின் மேல்வகுப்பில் ஒரு சனிக்கிழமை விவாதப் பயிற்சி நடைபெற்றது. எதிரணிப் பேச்சாளரை “முட்டாள்” என்று விளித்த மாணவன் ஒருவனுக்கு நடுவர் இரண்டு புள்ளிகளைக் குறைத்தார். பயிற்சி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மாணவன் என்னிடம் வந்தான். “சேர், புதன்கிழமையில பாராளுமன்றத்தில பெரிய ஆக்கள் இதைவிட மோசமாப் பேசுகினம். அவைக்கு ஆர் புள்ளி குறைக்கிறது?” என்று கேட்டான்.

“வாக்காளர் குறைப்பார்கள்” என்று கூறி அனுப்பிவைத்தேன். வீடு திரும்பும் வழியில் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. வாக்காளர் எந்த அளவுகோலைக் கொண்டு குறைப்பர்? நமக்குப் பிடித்த கட்சித் தலைவர் சுடுசொல் கூறினால் அதனை வீரம் என்கிறோம். பிடிக்காதவர் அதே சொல்லைக் கூறினால் அநாகரிகம் என்கிறோம். நிறுக்கும் பொருளுக்கேற்ப எடைக்கல்லை மாற்றுவது வணிகமுமன்று, நீதியுமன்று. அம்மாணவனுக்கு அன்று நான் கூறத் தவறிய விடையை இம்மலரில் எழுத முற்படுகின்றேன்.

மரியாதையும் பண்பும்

பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபையில் இரு தரப்பினரும் எதிரெதிரே அமர்ந்திருப்பர். இடையே தரைவிரிப்பில் இரு சிவப்புக் கோடுகள் உள்ளன. அவற்றிற்கிடையேயுள்ள தூரம் இரு வாள்களின் நீளத்திற்குச் சற்று அதிகமானது என்று மரபுவழியாகக் கூறுவர். இக்கதை எவ்வளவு உண்மையோ, அது உணர்த்தும் பொருள் உண்மை. வாளால் தீர்த்த வழக்குகளைச் சொல்லால் தீர்ப்பதற்காக மனிதர் அமைத்துக்கொண்ட இடமே பாராளுமன்றம். ஆகவேதான் அங்கு சொல்லுக்கு இத்துணைக் கட்டுப்பாடுகள். ஓர் உறுப்பினர் மற்றவரை நேரே “நீ” என்றோ பெயர் சொல்லியோ அழைப்பதில்லை. எல்லாப் பேச்சும் சபாநாயகரை நோக்கியே நிகழும். மற்றவர் “மாண்புமிகு உறுப்பினர்” ஆவார். ஒருவரைப் பொய்யர் என்று அழைத்தல் தனியான பிரேரணை ஒன்றின் மூலமன்றி அனுமதிக்கப்படுவதில்லை.

இவை நல்ல மரபுகள். கோபம் வாயிலிருந்து வெளிவருமுன் அதனைச் சற்றுத் தாமதப்படுத்துபவை. எனினும் இம்மரியாதையே முழுப் பண்பாகிவிடுமா? 2021 ஜூலை 22ஆம் நாள் தொழிற்கட்சி உறுப்பினர் டோன் பட்லர், அன்றைய பிரதமர் பொறிஸ் ஜோன்சன் சபைக்கும் நாட்டுக்கும் மீண்டும் மீண்டும் பொய் கூறினார் என்றார். அச்சொல்லை மீளப்பெற மறுத்தமையால் அன்று முழுவதும் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். விதி காக்கப்பட்டது. ஆனால் 2023 ஜூன் மாதத்தில் சபையின் சிறப்புரிமைக் குழு, வேறொரு விடயமாகிய ஊரடங்குக் கால ஒன்றுகூடல்கள் பற்றி, ஜோன்சன் சபையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என்று முடிவு செய்தது. ஏழுபேர் கொண்ட அக்குழுவில் நால்வர் அவருடைய கொன்சவேற்றிவ் கட்சியினரே. சபை அம்முடிவை 354க்கு 7 என்ற வாக்குகளால் ஏற்றது. அதற்கு முன்னரே அவர் உறுப்பினர் பதவியைத் துறந்திருந்தார்.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து இரு பாடங்களைப் பெறலாம். பொய்யர் என்ற சொல்லைத் தடுக்கும் சபை, பொய்யைத் தடுக்கவும் வழி வைத்திருத்தல் வேண்டும்; இல்லையேல் மரியாதை பொய்க்குக் குடைபிடிப்பதாகிவிடும். அதே வேளை, சாட்சியங்களைத் திரட்டி, குற்றஞ்சாட்டப்பட்டவரின் மறுமொழியையும் கேட்டு, அமைதியாக எழுதப்பட்ட ஓர் அறிக்கை செய்து முடித்ததை ஆயிரம் வசைச் சொற்களாலும் செய்திருக்க இயலாது. மென்சொல் தானாக அறமாகிவிடுவதில்லை. வன்சொல் தானாக உண்மையாகிவிடுவதுமில்லை.

ஐந்து அளவைகள்

ஆயின் எதனைக் கொண்டு அளப்பது? தமிழ் மாணவர் இதற்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திருக்குறளின் அறத்துப்பாலில் இனியவை கூறல் பத்தாம் அதிகாரம், நடுவு நிலைமை பன்னிரண்டாவது, புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும் பத்தொன்பதாவதும் இருபதாவதுமாக அடுத்தடுத்து வருபவை, வாய்மை முப்பதாவது. சொல்வன்மையோ பொருட்பாலில், அமைச்சரைப் பற்றிய பகுதியில், அறுபத்தைந்தாம் அதிகாரமாக நிற்கிறது. நாவின் ஒழுக்கத்தை எல்லா மனிதருக்கும் பொதுவாக முதலில் வகுத்துவிட்டு, நாவின் திறமையை ஆட்சியாளருக்குப் பின்னர் கூறும் இவ்வொழுங்கு எண்ணிப்பார்க்கத் தக்கது. ஒழுக்கமில்லாத நாவுக்குத் திறமை சேருமாயின் ஆபத்தே மிகும்.

இந்நாட்டவரும் தமக்கென அளவைகளை வகுத்துள்ளனர். 1994இல் பிரதமர் ஜோன் மேஜர் அமைத்த பொதுவாழ்வு ஒழுக்கநெறிக் குழு, நோலன் பிரபுவின் தலைமையில் 1995இல் ஏழு நெறிகளை வெளியிட்டது. தன்னலமின்மை, நேர்மை, பக்கஞ்சாராமை, பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, உண்மையுடைமை, தலைமைத்துவம் என்பன அவை. 2021இல் தலைமைத்துவம் என்ற நெறியின் விளக்கத்திலே, பிறரை மதிப்போடு நடத்துதல் வேண்டும் என்ற வாசகமும் சேர்க்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகளின் பின் அதனை எழுத்திலே சேர்க்க நேர்ந்தமையே காலத்தின் போக்கைக் காட்டுகிறது.

இரு மரபுகளையும் ஒருங்கே வைத்து நோக்கின், ஓர் அரசியல்வாதியின் கூற்றை அளக்க ஐந்து வினாக்கள் போதுமெனத் தோன்றுகிறது. கூறியது உண்மையா? தாக்கியது ஒருவரின் செயலையா, அன்றி அவரின் பிறப்பையும் உருவத்தையுமா? அச்சொல்லால் விளையக்கூடியதை எண்ணிக் கூறினாரா? தவறென்று கண்டபின் திருத்திக்கொண்டாரா? தமக்கும் தம்மவருக்கும் அதே அளவுகோலை வைத்தாரா? இனி இவ்வளவைகளைச் சில உண்மை நிகழ்ச்சிகளில் வைத்துப் பார்ப்போம்.

கற்றவரின் நஞ்சு

1968 ஏப்ரல் 20ஆம் நாள் பேர்மிங்ஹாம் நகரின் விடுதியொன்றில் ஈனொக் பவல் பேசினார். கேம்பிரிட்ஜில் பயின்றவர், இருபத்தைந்து வயதிலேயே சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமொழிப் பேராசிரியரானவர். அன்று அவர் எதிர்க்கட்சியான கொன்சவேற்றிவ் கட்சியின் பாதுகாப்புத்துறைப் பேச்சாளர். உரையிலே உரோமப் பெருங்கவிஞர் வேர்ஜிலைச் சுட்டினார். வாக்கியங்கள் செம்மையானவை, குரல் அமைதியானது. ஆனால் அவர் கூறியது என்ன? பொதுநலவாய நாடுகளிலிருந்து வந்து குடியேறுவோரால் இந்நாட்டில் இரத்தம் பெருகும் என்ற அச்சத்தையே விதைத்தார். தம் தொகுதியில் வாழும் வெள்ளையின மூதாட்டி ஒருவர் அயலவரால் துன்புறுத்தப்படுவதாகக் கூறும் கடிதமொன்றைச் சபையோருக்கு வாசித்துக் காட்டினார். செய்தியாளர் அம்மூதாட்டியைத் தேடி அலைந்தும் அன்று கண்டறிய முடியவில்லை. பவலும் பெயரை வெளியிடவில்லை.

நமது அளவைகளை இங்கு வைத்துப் பார்ப்போம். எவரும் சோதித்துப் பார்க்க முடியாத ஒரு கதையை ஒரு மக்கள் கூட்டத்திற்கே எதிரான சான்றாக வைத்தமையால் முதலாம் அளவையில் தவறினார். செயலையன்றிப் பிறந்த நாட்டையும் நிறத்தையும் குற்றமாக்கியமையால் இரண்டாவதில் தவறினார். அவ்வுரை நிகழ்ந்த மூன்றாம் நாள் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பலர் அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். அந்நாட்களில் வீதியில் தனியே நடந்து சென்ற கறுப்பு, மண்ணிற மனிதர் எதிர்கொண்ட பார்வைகளை நம்முள் மூத்தவர் சிலர் இன்றும் நினைவுகூர்வர். தம் பேச்சுக்காகப் பவல் இறுதிவரை வருந்தவில்லை. ஒரு வசைச்சொல்லும் இன்றியே ஓர் உரை முழுவதும் பண்பற்றதாக இருக்கலாம் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அக்கதையில் மற்றொரு மனிதரும் உள்ளார். கட்சித் தலைவர் எட்வேட் ஹீத் மறுநாளே பவலைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். பவலுக்குக் கட்சிக்குள்ளும் வெளியிலும் பேராதரவு இருந்தது. நீக்காது விட்டிருப்பின் ஹீத்துக்கு அரசியல் இலாபமே. அவர் தம் கட்சிக்காரர்மீதே அளவுகோலை வைத்தார். எதிரியின் சொல்லைக் கண்டிக்க எவராலும் முடியும். தம்மவரின் சொல்லைக் கண்டிப்பதே தலைமை.

ஒரு கேடயமும் ஒரு வேண்டுகோளும்

2015 ஜூன் 3ஆம் நாள் ஜோ கொக்ஸ் என்ற புதிய தொழிற்கட்சி உறுப்பினர் தம் கன்னியுரையை நிகழ்த்தினார். தம் தொகுதியில் வாழும் பல இனத்தவரையும் பற்றிக் கூறுகையில், நம்மைப் பிரிப்பவற்றிலும் நம்மிடையே பொதுவாயுள்ளவை அதிகம் என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஓராண்டு கடந்து, 2016 ஜூன் 16ஆம் நாள், ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய சர்வசன வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில், தம் தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற இடத்தில் தீவிர வலதுசாரி ஒருவனால் கொல்லப்பட்டார். அவர் நினைவாக மக்கள் சபையின் சுவரில் ஒரு கேடயம் பதிக்கப்பட்டுள்ளது. அவருடைய கன்னியுரையின் கருத்தே அதிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

2019 செப்டெம்பர் 25ஆம் நாள் அக்கேடயத்தின் கீழே நிகழ்ந்ததை எண்ணிப்பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது தொடர்பான சட்டமொன்றைப் பிரதமர் ஜோன்சன் “சரணாகதிச் சட்டம்” என்று மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்து, தமக்கு வரும் கொலை மிரட்டல்களில் சரணாகதி, துரோகம் என்ற இச்சொற்களே மேற்கோளாக வருகின்றன என்றும், கேடயத்தைச் சுட்டி, சொற்களைத் தணித்துக்கொள்ளுமாறும் வேண்டினார். இத்தகைய பசப்பைத் தாம் வாழ்நாளில் கேட்டதில்லை என்பது பிரதமரின் மறுமொழி. மறுநாள் சபாநாயகர் ஜோன் பெர்கோ, சபையின் சூழல் நச்சாகிவிட்டது என்று வருந்தினார்.

இங்கு நீதி தவறாது பேச வேண்டும். ஜோ கொக்ஸின் கொலைக்கு எந்தத் தலைவரின் பேச்சும் நேரடிக் காரணமென்று கூறுவது முறையன்று; கொன்றவனே குற்றவாளி. சரணாகதி என்ற சொல்லும் அரசியலில் புதியதன்று. ஆனால் மூன்றாம் அளவை கேட்பது அதுவன்று. ஒரு சொல்லின் விளைவு நமக்குத் தெரியாதிருந்தபோது அதனைக் கூறுதல் வேறு; பாதிக்கப்பட்டவரே எழுந்து நின்று, “இச்சொல் எங்கள் வாசற்கதவுக்கு வருகிறது” என்று கூறியபின்னும் அதனைக் கூறுதல் வேறு. முன்னது கவனக்குறைவு, பின்னது அவமதிப்பு.

தவறுவதும் திருந்துவதும்

நான்காம் அளவைக்கு இரு நிகழ்ச்சிகளைக் கூறலாம். 2010 ஏப்ரல் 28ஆம் நாள், தேர்தற் பிரசாரத்தின்போது, பிரதமர் கோர்டன் பிறவுண் ஓய்வூதியம் பெறும் பெண்மணி ஒருவருடன் வீதியில் உரையாடினார். குடியேற்றம் பற்றியும் அப்பெண்மணி கேட்டார். காரில் ஏறியபின், சட்டையில் ஒலிவாங்கி இருந்ததை மறந்து, அவரை இனத்துவேஷப் பெண் என்ற பொருள்படக் குறிப்பிட்டார். நாடு முழுவதும் அதைக் கேட்டது. பிரதமர் அன்றே அப்பெண்மணியின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். வெளியே புன்னகை, உள்ளே இகழ்ச்சி என்ற இரட்டை வேடத்தை நாம் பாராட்ட இயலாது. அப்பெண்மணி குடியேறியோரைப் பற்றிக் கேட்டவர் என்பதற்காக அவருக்கு நேர்ந்த அவமதிப்பை நம்மவர் மகிழ்ச்சியோடு பார்ப்பதும் தகாது. வினா எழுப்பும் குடிமகளை முத்திரை குத்தி ஒதுக்குவது, எத்தரப்பார் செய்யினும், இரண்டாம் அளவையில் தவறுவதே. ஆயினும் தவறியவர் ஒரு வாசலில் சென்று நின்றதையும் கணக்கில் எழுதவே வேண்டும்.

மற்றையது நமக்கு அண்மையது. 2025 மே 12ஆம் நாள், தொழிற்கட்சிப் பிரதமராக இருந்த கெயர் ஸ்ராமர் குடிவரவுக் கொள்கையை வெளியிடுகையில், நாம் “அந்நியர்களின் தீவாக” மாறும் ஆபத்து உண்டு என்றார். சொந்த நாட்டிலேயே மக்கள் அந்நியராகிவிட்டனர் என்ற பொருளில் 1968இல் பவல் கூறியதை அச்சொல் நினைவூட்டியது என்று அவர் கட்சியினரே சுட்டினர். முதலில் அரசு அவ்வொப்புமையை மறுத்தது. அடுத்த மாதம் பத்திரிகைச் செவ்வியொன்றில் ஸ்ராமர், அவ்வொப்புமை தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும், உரையை உரிய கவனத்தோடு படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றும், அச்சொல்லைப் பயன்படுத்தியதற்கு ஆழ்ந்து வருந்துவதாகவும் கூறினார்.

அவர் வருத்தத்தை நாம் ஏற்கலாம். பதவியிலிருக்கும்போதே தவறை ஒப்புக்கொள்வோர் மிகச் சிலர். ஆனால் அவ்விளக்கம் மற்றொரு குறையை வெளிப்படுத்துகிறது. ஒரு நாட்டின் தலைவர் கூறும் சொல், பிறர் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து ஆராயப்படாமலே வாயில் ஏறுகிறது. சனிக்கிழமை விவாதத்திற்கு வரும் நம் மாணவனிடம் “எழுதிய பேச்சை இரண்டு முறை படித்துப் பார்” என்று கூறுகிறோம். நாட்டை ஆள்பவரிடம் அதனினும் குறைவாக எதிர்பார்க்கலாமா?

கடுமையும் கண்ணியமும்

இவ்விடத்தில் ஒரு தடை எழும். பண்பு பண்பு என்று பேசுவது அநீதிக்கு ஆளானோரின் வாயை அடைப்பதாகாதா? வயிறெரிந்தவனிடம் குரலைத் தாழ்த்து என்பது நியாயமா? இது வலிய தடை. வரலாற்றில் அடக்குமுறையாளர் பலர் இம்முறையிலேயே எதிர்ப்பை ஒடுக்கியுள்ளனர். ஆனால் மேற்கூறிய ஐந்து வினாக்களில் எதுவும் குரலின் உயரத்தைக் கேட்கவில்லை, கோபத்தைத் தடுக்கவுமில்லை. உண்மையான அநீதியை, அதனைச் செய்தவரின் செயலைச் சுட்டி, எவ்வளவு கடுமையாகக் கூறினும் அது அறத்திற்கு மாறன்று.

கடுமையும் கண்ணியமும் ஒரே உரையில் வாழலாம் என்பதற்கு றொபின் குக் சான்று. 2003 மார்ச் 17ஆம் நாள் ஈராக் போரை எதிர்த்து அமைச்சரவையிலிருந்து விலகிய அவர், அன்றிரவே சபையில் காரணங்களைக் கூறினார். பொதுவாக விளங்கிக்கொள்ளப்படும் பொருளில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இல்லாதிருக்கலாம் என்றார். சர்வதேச உடன்பாடோ உள்நாட்டு ஆதரவோ இல்லாத போரைத் தம்மால் ஆதரிக்க இயலாது என்றார். அதே உரையில் பிரதமர் ரொனி பிளேயரின் திறமைகளைப் பாராட்டினார். இந்நெருக்கடியைப் பயன்படுத்தி அவரை வீழ்த்த எண்ணுவோருக்குத் தாம் துணையில்லை என்றும் கூறினார். ஒருவரையும் பொய்யர் என்று அழைக்கவில்லை. உரை முடிந்ததும், கைதட்டும் வழக்கமே இல்லாத அச்சபையில் உறுப்பினர் பலர் எழுந்து நின்று கைதட்டினர். போர் நடந்தது, தேடப்பட்ட ஆயுதங்கள் கிடைக்கவில்லை. இன்று அப்போர் பற்றிய வசைகள் மறக்கப்பட்டுவிட்டன, அவ்வுரை மறக்கப்படவில்லை.

நம் வீட்டு முற்றம்

இதுவரை பிறர் முற்றத்தையே கூட்டினோம். ஐந்தாம் அளவையை நமக்கும் வைக்காது இக்கட்டுரையை முடித்தல் முறையாகாது.

ஆட்சியாளரின் சொல் எத்துணைக் கொடியதாகலாம் என்பதை ஈழத்தமிழர் பிறர் சொல்லிக் கற்கவில்லை. 1983 ஜூலையில் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா இலண்டன் டெய்லி ரெலிகிராப் பத்திரிகைக்கு அளித்த செவ்வியில், தமிழ் மக்களின் அபிப்பிராயம் பற்றித் தாம் இப்போது கவலைப்படவில்லை என்ற பொருளில் கூறினார். அம்மாத இறுதியில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. நாட்கள் சில கடந்து, ஜூலை 28ஆம் நாள் நாட்டு மக்களுக்கு உரையாற்றிய சனாதிபதி, சிங்கள மக்களின் உணர்வுகளைப் பற்றிப் பேசினார். மடிந்த தமிழருக்கென ஓர் அனுதாபச் சொல்லைக்கூட உதிர்க்கவில்லை. அந்த மௌனமும் ஒரு கூற்றே. இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பலர் இந்நாட்டுக்கு வந்த பாதை அந்நாட்களிலிருந்து தொடங்குகிறது.

ஆனால் நம் மேடைகள் மாசற்றவையா? எழுபதுகளில் தமிழ் மேடைகளில் மாற்றுக் கருத்தினரைத் “துரோகி” என அழைப்பது வழக்கமாயிற்று. அவ்வாறு அழைக்கப்பட்டவருள் யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவும் ஒருவர். 1975 ஜூலை 27ஆம் நாள் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு வழிபடச் சென்றவிடத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலை ஏற்காதிருக்க எவருக்கும் உரிமை உண்டு. அவர் செயல்களைக் கண்டித்தல் வேறு. அவரை மனிதக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும் ஒரு பட்டத்தைச் சூட்டுதல் வேறு. பின்னர் அதே பட்டம் அதனை வழங்கிய மேடைகளின் தலைவர்களையும் தேடி வந்தது. 1989 ஜூலை 13ஆம் நாள் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அ. அமிர்தலிங்கம் கொழும்பில் தமிழ்த் துப்பாக்கியால் மடிந்தார். எய்தவர்மீதே அச்சொல் திரும்பி வந்ததற்கு இதனிலும் துயரமான சான்று நம் வரலாற்றில் வேறில்லை.

இதனை எழுதுவது எவர் மனத்தையும் நோகச் செய்வதற்கன்று. நமக்குச் செய்யப்பட்ட அநீதியைப் பேசும் உரிமை நமக்கு முழுமையாக வேண்டுமாயின், நாம் செய்த தவறையும் நாமே பேச வேண்டும். இல்லையேல் நம் பிள்ளைகள் நம் அளவுகோலையும் ஐயுறுவர். இந்நாட்டில் பிறந்த பிள்ளைகள் இவ்விடயத்தில் மிகக் கூர்மையானவர்கள்.

செய்யக்கூடியவை

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். மாலையில் தொலைக்காட்சியில் செய்தி பார்க்கையில் நாம் கூறும் சொற்களைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். ஓர் அமைச்சரின் நிறத்தையும் உருவத்தையும் நாம் எள்ளி நகையாடிவிட்டு, மறுநாள் பாடசாலையில் நம் பிள்ளையின் நிறத்தை ஒருவன் எள்ளினான் என்று தலைமையாசிரியரிடம் முறையிடச் செல்வதில் பொருளில்லை. நம் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களிலும் கணக்கறிக்கையைப் பற்றிக் கேள்வி கேட்டவரின் ஊரையும் குடும்பத்தையும் இழுப்பது நின்றாக வேண்டும். கணக்கைப் பற்றிய கேள்விக்குக் கணக்கே விடை.

ஆசிரியருக்கும் ஒரு யோசனை. மாதம் ஒருமுறை மேல்வகுப்பில் ஓர் அரசியல் உரையை எடுத்துக்கொள்ளலாம். பேசியவரின் பெயரையும் கட்சியையும் முதலில் மறைத்துவிட்டு, மாணவரை ஐந்து வினாக்களாலும் புள்ளியிடச் செய்யலாம். பின்னர் பெயரை வெளிப்படுத்தலாம். பெயரைக் கேட்டதும் புள்ளியை மாற்ற எவர் கை துடிக்கிறதோ, அவரே அன்றைய பாடத்தை நன்கு கற்றவர். தன் பக்கச்சார்பைத் தானே கண்டுகொள்வதே நடுவுநிலைமையின் முதற்படி.

மாணவருக்கு இறுதியாக ஒன்று. வாக்களிக்கும் வயதில் உங்கள் கையில் ஒரு வாக்குச்சீட்டு வரும். அதற்கு முன்னரே உங்களிடம் எழுதுகோல் இருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினர் பண்பற்ற சொல்லொன்றைக் கூறினால், அவருக்குப் பண்போடு ஒரு கடிதம் எழுதுங்கள். எச்சொல், எந்நாள், ஏன் தவறு என்று மூன்று பத்திகளில் எழுதினால் போதும். நல்லதைக் கூறினால் அதற்கும் எழுதுங்கள். அத்தகைய கடிதங்கள் மிக அரிதாகவே எழுதப்படுகின்றன.

இரண்டு புள்ளிகளை இழந்த தம்பிக்கு இப்போது கூறுகின்றேன். உனக்கு நடுவர் புள்ளி குறைத்தது நீ சிறியவன் என்பதாலன்று. நீ கூறவந்த கருத்து அச்சொல்லினும் பெரியது என்பதால். பெரியவர்களுக்குப் புள்ளி குறைப்பவர் யாரென்று கேட்டாய். இன்னும் சில ஆண்டுகளில் அந்நடுவர் நீயே. அன்று உன் கட்சிக்காரருக்கும் மற்றவருக்கும் ஒரே அளவுகோலை நீ எடுப்பாயானால், நாங்கள் சனிக்கிழமைகளில் திறந்து வைத்த இப்பாடசாலைக்கு அதுவே பயன்.